சிஎன்சி கண்ட்ரோலரை அமைக்கவும் புரோகிராம் எழுதவும் நடைமுறையில் உதவும் குறிப்புகள் என்ன?

புக்கிட் மின்யாக்கில் ஒரு சிறிய பட்டறையில், ஜப்பானிலிருந்து இரண்டாம் கையாக வந்த ஃபேனுக் கண்ட்ரோலர் (மெஷினை எண் கட்டளைகளால் இயக்கும் கணினி) கொண்ட மெஷினிங் சென்டர் ஒன்றையும் லேத் ஒன்றையும் பொறுப்பேற்றிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலேசியத் திறன் சான்றிதழ் வகுப்பில் மெஷினுக்கான கட்டளை மொழியான ஜி கோடு படித்திருந்தும் ஒவ்வொரு புதிய வேலையையும் தொடங்கும்போது கை நடுங்குகிறது என்கிறீர்கள். முதலாளி அடுத்து சீமென்ஸ் கண்ட்ரோலர் உள்ள மெஷின் வாங்கினால் இப்போதைய புரோகிராம்கள் அதில் ஓடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ள மின்னணு நிறுவனங்களுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் நம்மைப் போன்ற பட்டறைகளுக்கு ஐந்து துண்டு, பத்துத் துண்டு என்றுதான் வேலை வருகிறது. அதனால் ஒரே நாளில் பலமுறை செட்டிங் மாறுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் டூல் மோதுவதற்குப் புரோகிராமில் உள்ள பிழை காரணமாக இருப்பது குறைவு. முந்தைய வேலை கண்ட்ரோலருக்குள் விட்டுச் சென்ற ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். ரத்து செய்யப்படாத ஒரு ஜி கோடு, பழைய ஆஃப்செட் எண் (டூலின் அளவுக்கோ வேலைப்பொருளின் இடத்துக்கோ இடும் திருத்தம்), மறந்துபோன ஒரு மதிப்பு என்று அது எதுவாகவும் இருக்கலாம். ஆகவே, புரோகிராம் சரியா என்று பார்ப்பதற்கு முன், அது தொடங்கும் கணத்தில் கண்ட்ரோலர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இதற்கு முதல் வழி, ஒவ்வொரு டூலின் தொடக்கத்திலும் எல்லா நிலைகளையும் வெளிப்படையாக எழுதிவிடுவது. நான் எழுதும் தொடக்க வரிகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

ஜி21 ஜி17 ஜி40 ஜி49 ஜி80 ஜி90
டி03 எம்06
ஜி54 ஜி0 எக்ஸ்0. ஒய்0. எஸ்3000 எம்03
ஜி43 எச்03 இசட்50. எம்08

முதல் வரி மில்லிமீட்டரையும் எக்ஸ்-ஒய் தளத்தையும் தேர்ந்து, பழைய இழப்பீடுகளையும் துளைச் சுழற்சியையும் ரத்து செய்து, ஜி90 மூலம் பூஜ்யப் புள்ளியிலிருந்து அளக்கும் நிலையை வைக்கிறது. இரண்டாவது, டி (T) எண்ணுள்ள டூலை மாற்றுகிறது. ஜி54 வேலைப்பொருளின் பூஜ்யப் புள்ளியையும், ஜி43 எச்03 டூலின் நீளத்தையும் கணக்கில் எடுக்கின்றன. இவற்றைப் புரோகிராமின் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டூல் உடைந்து நடுவிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டிய நிலை வரும்போது, தலைப்பு வரிகளைத் தாண்டித்தானே தொடங்குவீர்கள்? ஒவ்வொரு டூலும் தனியாக நின்று ஓடக்கூடியதாக இருந்தால், அந்த டூலின் எண் வரியைத் தேடி அங்கிருந்து அச்சமின்றித் தொடங்கலாம்.

டூலை மேலே அனுப்பும் வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜி28 என்ற கட்டளை நேராக ஹோம் நிலைக்குப் போவதில்லை. வரியில் கொடுத்த புள்ளியைத் தொட்டுவிட்டுத்தான் போகும். ஜி91 (டூல் இருக்கும் இடத்திலிருந்து அளக்கும் நிலை) இல்லாமல், ஜி90 நிலையில் ஜி28 இசட்0. என்று எழுதினால், அந்த இடைப்புள்ளி வேலைப்பொருளின் இசட் பூஜ்யமாகிவிடும். டூல் விரைவோட்டத்தில் அதன் மேற்பரப்புக்கு இறங்கிவிட்டுத்தான் மேலே ஏறும். ஜி91 ஜி28 இசட்0. என்று எழுதி அடுத்த வரியிலேயே ஜி90 போட்டுவிடுவது ஒரு தீர்வு. ஜி90 ஜி53 ஜி0 இசட்0. என்று இயந்திர ஆயத்தொலையிலேயே அனுப்புவது இன்னொன்று. நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனென்றால் அதில் ஜி91 நிலை அடுத்த வரிக்குத் தொற்றிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

அடுத்தது புள்ளி. பல ஃபேனுக் கண்ட்ரோலர்களில் எக்ஸ்10 என்று புள்ளியின்றி எழுதினால் அது 10 மில்லிமீட்டர் அல்ல, 0.010 மில்லிமீட்டர். இதைக் கண்ட்ரோலரின் அமைப்பு மதிப்புகளில் ஒன்றான 3401ஆம் பாராமீட்டரின் 0ஆம் பிட் தீர்மானிக்கிறது. ஒரு பட்டறையில் ஒரு மெஷின் ஒருவிதமாகவும் பக்கத்து மெஷின் வேறுவிதமாகவும் அமைக்கப்பட்டிருப்பது அரிதல்ல. பாதுகாப்பு உயரமாக இசட்50 என்று எழுதியவரின் டூல் வேலைப்பொருளுக்கு மேல் 0.05 மில்லிமீட்டரில் விரைவோட்டத்தில் நகர்ந்து முதல் கிளாம்பைத் தட்டும். பாராமீட்டரை மாற்றுவதைவிட எல்லா இடத்திலும் புள்ளி வைக்கும் பழக்கமே மேல். காத்திருக்கச் சொல்லும் ஜி04 கட்டளையில் வரும் பி மட்டும் விதிவிலக்கு: அங்கே புள்ளி இல்லாமல் பி1000 என்றால் ஒரு நொடி.

டூல் நீளத்தை எடுப்பதில் இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. ஸ்பிண்டில் முகத்திலிருந்து டூல் முனை வரையுள்ள உண்மையான நீளத்தை எச் ஆஃப்செட்டில் இட்டு, வேலைப்பொருளின் உயரத்தை ஜி54இன் இசட்டில் வைப்பது ஒரு முறை. ஜி54இன் இசட்டைப் பூஜ்யமாக விட்டு, ஒவ்வொரு டூலையும் வேலைப்பொருளின் மேல் தொட்டு, அப்போது இயந்திர ஆயத்தொலையில் தெரியும் எதிர்மறை எண்ணை எச் ஆஃப்செட்டில் வைப்பது மற்றொரு முறை. தனித்தனியாக இரண்டும் சரியே. ஒரே பட்டறையில் இரண்டும் கலந்திருப்பதுதான் ஆபத்து. பகல் ஷிஃப்ட்காரர் ஒரு முறையிலும் இரவு ஷிஃப்ட்காரர் இன்னொரு முறையிலும் பழகியிருந்தால், எச் பக்கத்தில் 120.350 என்ற எண்ணும் மைனஸ் 310.220 என்ற எண்ணும் அடுத்தடுத்து நிற்கும். அப்படி ஒரு பக்கத்தைக் கண்டால், வேலையைத் தொடங்காமல் எல்லா டூல்களையும் மறுபடி அளந்துவிடுங்கள். அடிக்கடி வேலை மாறும் பட்டறைக்கு முதல் முறைதான் ஏற்றது. வேலைப்பொருள் மாறினால் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

புதிய புரோகிராமை முதன்முறை ஓட்டும்போது, வொர்க் ஆஃப்செட் பக்கத்தின் தொடக்கத்தில் 00 என்ற எண்ணுடன் இருக்கும் வெளி ஆஃப்செட்டைப் பயன்படுத்துங்கள். அதில் இடும் மதிப்பு ஜி54 முதல் ஜி59 வரை எல்லாவற்றோடும் கூட்டப்படும். அதன் இசட்டில் 100. இட்டால், முழுப் புரோகிராமும் வேலைப்பொருளுக்கு 100 மில்லிமீட்டர் மேலே காற்றில் ஓடும்; மேல் எல்லைக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தவுடன் அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, விரைவோட்டத்தை 25 சதவீதத்துக்குக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில் (வரிக்கு வரி நிறுத்தி) முதல் இறக்கத்தைச் செய்யுங்கள். அப்போது கண் டூலின் மேல் மட்டும் இருந்தால் போதாது. திரையில் 'மீதித் தூரம்' காட்டும் பகுதியையும் பார்க்க வேண்டும். டூல் முனை வேலைப்பொருளிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் இருக்கும்போது நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டை அழுத்துங்கள். திரையில் இசட் மீதித் தூரம் இன்னும் 80 மில்லிமீட்டர் என்று காட்டினால், ரீசெட் செய்துவிட்டு ஆஃப்செட்டைத் தேடுங்கள். இந்த ஒரு பார்வை காப்பாற்றிய ஸ்பிண்டில்கள் பல.

உற்பத்தி ஓடத் தொடங்கியபின் வரும் தொல்லை தேய்மான ஆஃப்செட்டில்தான். ஃபேனுக் திரையில் 'இன்புட்', 'பிளஸ் இன்புட்' என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. முதலாவது பழைய மதிப்பை அழித்துப் புதியதை வைக்கும். இரண்டாவது பழையதோடு கூட்டும். லேத்தில் ஒரு தண்டின் விட்டம் 0.010 கூடுதலாக வருகிறது, தேய்மானப் பக்கத்தில் ஏற்கெனவே மைனஸ் 0.030 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 0.010ஐத் தட்டி 'பிளஸ் இன்புட்' அழுத்தினால் மதிப்பு மைனஸ் 0.040 ஆகி அளவு சரியாகும். வெறும் 'இன்புட்' அழுத்தினால் மதிப்பு மைனஸ் 0.010 ஆகி, அடுத்த தண்டு 0.030 கூடுதலாக வரும். ஷிஃப்ட் மாறும்போது வாய்ச்சொல்லை நம்பாமல், எந்த டூலுக்கு எவ்வளவு கூட்டப்பட்டது என்பதை மெஷின் கதவில் ஒட்டிய தாளில் எழுதச் சொல்லுங்கள். நேப்பாளத் தம்பியும் வங்காளதேசத் தம்பியும் நீங்களும் ஒரே மெஷினில் வேலை செய்யும்போது, எண்கள்தாம் எல்லாருக்கும் பொதுவான மொழி.

லேத்தைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும். வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96ஐப் போடும் எந்த டூலுக்கும் முன்னால் ஜி50 எஸ்1800 போன்ற உச்ச வேக வரம்பு இருந்தே ஆக வேண்டும். முகத்தைச் சீவும்போது டூல் மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சி ஏறிக்கொண்டே போகும். வரம்பு இல்லாவிட்டால், வேலைப்பொருளைப் பிடித்திருக்கும் சக்கின் பிடி தளர்ந்து அது பறக்கக்கூடும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான கம்பி வளைந்துவிடும் ஆபத்தும் இதில்தான்.

மில்லிங்கில் ஜி41 (டூலின் ஆரத்துக்கான இழப்பீடு) போட்டவுடன் 41ஆம் எண் எச்சரிக்கை வருவதாகச் சொன்னீர்கள். இழப்பீட்டைத் தொடங்கும் நகர்வு டூலின் ஆரத்தைவிட நீளமாக இருக்கிறதா, உள்மூலையின் வளைவு டூலின் ஆரத்தைவிடச் சிறியதாக இல்லையா, டி (D) பக்கத்தில் ஆரம் வைக்க வேண்டிய இடத்தில் யாராவது விட்டத்தை வைத்துவிட்டார்களா என்ற மூன்றையும் இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பழைய மெஷினில் மோல்டு அச்சு செய்யும் வேலை ஓட்டும்போது திக்கித் திக்கிப் போவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. கணினியிலிருந்து ஆர்எஸ்232 கம்பி வழியாகப் புரோகிராமை அனுப்பிக்கொண்டே ஓட்டினால், 9600 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 900 எழுத்துகள்தாம் வரும். ஒரு வரிக்கு 24 எழுத்து என்றால் நொடிக்கு 40 வரிக்கும் குறைவு. ஒவ்வொரு வரியும் 0.1 மில்லிமீட்டர் நகர்வு என்றால், நிமிடத்துக்கு 240 மில்லிமீட்டரைக்கூட எட்ட முடியாது. நீங்கள் எஃப்2000 (நிமிடத்துக்கு 2000 மில்லிமீட்டர்) எழுதினாலும் அது காகிதத்தில்தான். மெமரி கார்டு துளை இருந்தால் 20ஆம் பாராமீட்டரில் 4 வைத்து அதிலிருந்து ஓட்டுங்கள். கம்பியையே பயன்படுத்துவதானால், 86ஆம் எச்சரிக்கை வந்தால் கம்பியையும் மறுமுனைக் கணினியையும் பாருங்கள். 87 வந்தால், நிறுத்தச் சொன்ன பின்னும் கணினி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பினாங்கில் இடி மின்னல் கடுமையாக இருக்கும் மாதங்களில், வேலை முடிந்ததும் அந்தக் கம்பியைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

ஜப்பானிலிருந்து வந்த மெஷினுக்கு 200 வோல்ட் மும்முனை மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் இருப்பது 400 வோல்ட். ஆகவே இடையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மெஷினை ஏற்றபோது அதன் வெளியீட்டை மூன்று முனைகளுக்கிடையிலும் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். முனை வரிசை மாறியிருந்தால் அச்சுகளை நகர்த்தும் சர்வோ வழக்கம்போல் இயங்கும். ஆனால் ஹைட்ராலிக் பம்ப் தலைகீழாகச் சுற்றி அழுத்தம் ஏறாது. புதிதாக இடம் மாற்றிய மெஷினில் சக் பிடிக்கவில்லை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன், இந்த வாரமே பாராமீட்டர்கள், ஆஃப்செட்டுகள், மேக்ரோக்கள், லேடர் (மெஷினின் உள் இயக்கத்துக்கான புரோகிராம்) எல்லாவற்றையும் கார்டில் நகலெடுத்து, அந்தக் கார்டை மெஷினுக்கு வெளியே வையுங்கள். இவற்றில் லேடரைத் தவிர மற்றவை பழைய கண்ட்ரோலரில் ஒரு சிறிய பேட்டரியின் தயவில் வாழ்கின்றன. திரையில் பேட்டரி எச்சரிக்கை மினுக்கினால் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ், ஒய், இசட் அச்சுகளின் நிலையைக் காக்கும் பேட்டரியை, அவசர நிறுத்தத்தை அழுத்திவிட்டு, கண்ட்ரோலருக்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் 300ஆம் எச்சரிக்கை வந்து, ஒவ்வோர் அச்சுக்கும் ஹோம் நிலையை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

சீமென்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். ஜி0, ஜி1, ஜி54 போன்றவை அப்படியே இருக்கும். ஆனால் அங்கே எக்ஸ்10 என்றால் 10 மில்லிமீட்டர். டூல் நீளத்துக்கு ஜி43 இல்லை, டி (D) எண் செயல்பட்டவுடனேயே நீளம் கணக்கில் வந்துவிடும். துளையிடும் ஜி83க்குப் பதிலாகச் சைக்கிள்83 என்ற வேறு அமைப்பு. ஜி291 போட்டு ஃபேனுக் பாணியில் ஓட்டும் வசதி சீமென்ஸின் பல சைனுமெரிக் கண்ட்ரோலர்களில் உண்டு என்றாலும், அவசரத் தேவைக்குத்தான் அதை நான் பயன்படுத்துவேன். முதலாளியிடம் மெஷினோடு சேர்த்து, வரைபடத்திலிருந்து புரோகிராம் செய்யும் உங்கள் கேம் மென்பொருளுக்கு, அதை அந்தக் கண்ட்ரோலரின் மொழிக்கு மாற்றித்தரும் போஸ்ட் புராசசரையும் விலைப்பட்டியலில் கேட்கச் சொல்லுங்கள். மெஷின் வந்திறங்கிய பிறகு கேட்டால் அதற்குத் தனி ரிங்கிட், தனிக் காத்திருப்பு.