கிடார் நெக்கிற்கு இன்சர்ட் பதிக்கலாமா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரத்தின் பலகையில் உடலும், பழைய வீட்டு நிலைத் தேக்கில் நெக்கும் (கழுத்துப் பகுதி) செய்து ஒரு மின் கிடார் உருவாக்கியிருக்கிறேன். நெக்கின் கோணத்தைச் சரிசெய்யப் பலமுறை கழற்றி மாட்டியதில், நான்கு மர ஸ்க்ரூக்களில் இரண்டு பிடிப்பில்லாமல் சுற்றுகின்றன. பித்தளை இன்சர்ட் (உள்ளும் வெளியும் மரை வெட்டிய சிறு குழாய்) பதித்து, அதில் ஏறும் மெஷின் ஸ்க்ரூ போடலாமா? மற்ற ஸ்க்ரூக்களையும் மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: நெக்கிற்கு அவசியம் போடுங்கள். 1950-இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட கிடார்களில் நெக்கை நான்கு மர ஸ்க்ரூக்களே தாங்கின; அந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே மர ஸ்க்ரூ பலவீனமானது என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் அதன் மரை மரத்திலேயே வெட்டப்படுவதால், கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பழைய தடத்தில் செல்லாமல் புதிய தடத்தை வெட்டினால் துளை தேய்ந்துவிடும். பித்தளைக்குள் இரும்பு மரை ஏறி இறங்கும்போது மரத்துக்கு அந்தத் தேய்மானம் இல்லை.

இன்சர்ட்டுகளை உடலில் அல்ல, நெக்கின் அடிப்பகுதியில் பதிக்க வேண்டும். வழக்கமான அளவுகளைப் பின்பற்றியிருந்தால் அப்பகுதி 56 மி.மீ. அகலமும், குறுக்கே துளைகளின் இடைவெளி 38 மி.மீ. ஆகவும் இருக்கும், 8 மி.மீ. பருமனுள்ள இன்சர்ட்டைப் பதித்தால் நெக்கின் இரு ஓரங்களிலும் மிஞ்சுவது 5 மி.மீ. மரம்தான். துளை சற்றுச் சிறிதாகிவிட்டால் தேக்கு இழையோடு பிளந்துவிடும் என்பதால், என் கவலையெல்லாம் இந்தத் துளையைப் பற்றியதே. இன்சர்ட்டின் வெளிமரைப் பள்ளத்தின் விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, அதைவிடச் சிறிதளவு பெரிய டிரில் பிட்டால் அதே தேக்கின் மிச்சத் துண்டில் துளையிட்டுப் பதித்துப் பார்த்த பிறகே நெக்கைத் தொடுங்கள். துளையைச் சுற்றி மரம் மேலெழும்பி, உடலிலுள்ள நெக் குழியில் நெக் படியாமல் போகாதிருக்க, துளையின் வாயைச் சற்றுச் சரித்துவிட்டு, இன்சர்ட்டை மரப்பரப்புக்கு அரை மி.மீ. கீழே நிறுத்துங்கள்.

நெக்கின் அடிப்பகுதி ஃபிங்கர்போர்டையும் (விரல் அழுத்தும் பலகை) சேர்த்து 25 மி.மீ. தடிமன்தான் இருக்கும், 13 மி.மீ. நீள இன்சர்ட்டுக்கு 16 மி.மீ. ஆழம் போதுமாதலால், அந்த ஆழத்தில் டிரில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். பித்தளையின் மேல்வெட்டில் ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திருகினால் அது எளிதில் உடையும். ஒரு போல்ட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அந்தப் போல்ட்டை இன்சர்ட்டில் ஏற்றி, ஸ்பேனரால் செங்குத்தாகத் திருகுவதே நல்லது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், எபாக்சி பசை இடுவதானால் முன்னதாகத் துளையை அசிட்டோனால் துடையுங்கள்.

உடலிலுள்ள துளைகளில் எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) ஸ்க்ரூ தடையின்றி நழுவிச் செல்ல வேண்டும். அங்கும் மரை பிடித்தால் இடைவெளி மூடாமலே இறுகியதுபோல் தோன்றும். உடல் 45 மி.மீ. தடிமன், நெக் குழி 16 மி.மீ. ஆழம், ஸ்க்ரூ தலைகளுக்கு அடியில் வைக்கும் உலோகப் பின்தகடு 2 மி.மீ. தடிமன் என்றால், 40 மி.மீ. ஸ்க்ரூ ஏறத்தாழ 9 மி.மீ. உள்ளே செல்லும், அது போதும். சில்வர் ஓக் மென்மையானது, கம்பிகளின் மொத்த இழுவிசையோ ஏறத்தாழ 45 கிலோ என்பதால் பின்தகட்டைத் தவிர்க்காதீர்கள். உங்கள் பக்கத்து வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மரம் ஜனவரியின் வறண்ட பனிக்குளிரில் சுருங்கும். உலோகம் அப்படிச் சுருங்குவதில்லை. அந்த மாதத்தில் ஒருமுறை ஸ்க்ரூக்களைச் சோதியுங்கள்.

மற்றவற்றில், பேட்டரிக்காகவோ வயர்களுக்காகவோ அடிக்கடி திறக்கும் பின்மூடிக்கு எம்3 இன்சர்ட் பதியுங்கள். கம்பிகளை முறுக்கும் டியூனர்களின் சிறு ஸ்க்ரூக்களையும் ஸ்ட்ராப் பொத்தானையும் மாற்ற வேண்டாம். எந்த மர ஸ்க்ரூவை மீண்டும் மாட்டும்போதும், முதலில் இடப்புறம் மெதுவாகச் சுற்றி, பழைய தடத்தில் அது விழுவதைக் கையால் உணர்ந்த பின்பே வலப்புறம் இறுக்குங்கள்.

கேள்வி: இன்சர்ட் பதித்தால் ஒலி மேம்படுமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: நெக் அசைந்துகொண்டிருந்த கிடாரில் மாற்றம் தெரியும், ஏற்கெனவே உறுதியாக இருந்ததில் வேறுபாட்டை எதிர்பார்க்காதீர்கள். ஒலிக்காக மட்டும் நல்ல நெக்கில் புதிதாகத் துளையிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.