ருவாண்டா: 12 வயதுப் பையனோடு கொரில்லா பார்க்க முடியுமா?

முடியாதுங்க. வால்கனோஸ் தேசியப் பூங்காவில் கொரில்லா பார்க்க 15 வயது நிரம்பியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் விடுவார்கள், கெஞ்சியெல்லாம் பலனில்லை. ஒரு ஆளுக்கு அனுமதிச் சீட்டே 1,500 டாலர், அதனால் மூன்று பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். நீங்களோ உங்கள் மனைவியோ யாராவது ஒருவர் போய் வாருங்கள், மற்றவர் பையனோடு பூங்காவுக்குப் பக்கத்து ஊரான முசான்சேயில் இருக்கட்டும். காலை 7 மணிக்குக் கினிகியில் இருக்கிற பூங்கா அலுவலகத்தில் கூடச் சொல்வார்கள், எட்டு எட்டுப் பேராகப் பிரித்து அனுப்புவார்கள், கொரில்லாக் கூட்டத்தைக் கண்டபிறகு ஒரு மணி நேரம்தான். போகிறவர் முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளட்டும், வழியெல்லாம் காஞ்சொறி மாதிரி ஒரு செடி, சரிவில் பிடிமானத்துக்குக் கை வைத்தால் தீயாக எரியும். பை தூக்க அங்கேயே ஆள் கிடைப்பார்கள், வைத்துக்கொள்ளுங்கள், வழுக்கும் இடத்தில் கைகொடுத்து ஏற்றிவிடுவதும் அவர்கள்தான்.

பையனுக்கு அக்ககேரா தேசியப் பூங்காதான் சரி. மலையெல்லாம் இறங்கி, தான்சானியா எல்லையோரம் இருக்கிற புல்வெளி. 2015இல் சிங்கங்களையும் 2017இல் காண்டாமிருகங்களையும் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். சிங்கம் கண்ணில் படுவது அதிர்ஷ்டம், ஆனால் இஹேமா ஏரியில் படகில் போனால் நீர்யானைக்குப் பஞ்சமில்லை. இரண்டு இரவாவது தங்குங்கள், தலைநகர் கிகாலியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது வெறும் அலைச்சல். சொந்தமாக ஓட்டலாம், ஆனால் அங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். அப்புறம், துணிமணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு போகாதீர்கள், 2008இலிருந்தே தடை, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.