துடுப்புப் படகுப் போட்டியை ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது?

பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் போகும் பந்தயம் என்று ஆரம்பியுங்கள். நான் முதலில் 2,000 மீட்டர், ஆறு தடங்கள் என்று அளக்கத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே மகள் கொட்டாவி விட்டாள். பிறகு தொலைக்காட்சியில் படகு வந்ததும் அவளே கேட்டாள்: "ஏம்பா எல்லோரும் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள்?"

அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, பாதத்தோடு பாதம் முட்டுக்கொடுத்து, ஒரு துண்டின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தோம். அவள் கையால் மட்டும் இழுத்தபோது நான் அசையவில்லை. காலை உந்திச் சாய்ந்து இழுத்ததும் நான் குப்புற விழுந்தேன். (கொஞ்சம் நடிப்பும் உண்டு.) படகிலும் அதேதான். இருக்கைக்குச் சக்கரம் உண்டு. அது தண்டவாளம் போன்ற பாதையில் முன்னும் பின்னும் ஓடும். பார்ப்பவர்கள் கையைப் பார்க்கிறார்கள். வேலை செய்வது கால். முன்னால் பார்த்துத் துழாவும் கயாக் வேறு விளையாட்டு.

தனி ஆளுக்கு இரண்டு துடுப்புகள். ஒன்றே ஒன்று இருந்தால் படகு வட்டமடிக்கும் என்றதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. எட்டுப் பேர் படகில் ஆளுக்கு ஒரு துடுப்புதான், நால்வருக்கு இந்தப் பக்கம், நால்வருக்கு அந்தப் பக்கம். ஒருவர் தாளம் தப்பினாலும் படகு தடுமாறும்.

அதில் ஒன்பதாவதாக ஒருவர் இருப்பார். துடுப்பே போடமாட்டார். அவர் மட்டும் முன்னால் பார்த்தபடி சுக்கானைத் திருப்பி, கத்திக் கத்தித் தாளம் சொல்வார். ஜெயித்தால் அவரைத் தூக்கித் தண்ணீரில் போடுவது வழக்கம். மகள் தேர்ந்தெடுத்தது இந்த வேலையைத்தான்.

ஆனால் இன்றைய சர்வதேசப் போட்டிகளில் அவருக்குக் குறைந்தது 55 கிலோ எடை வேண்டும். குறைந்தால் ஈடாகப் பாரம் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் குழந்தைகளை ஏற்றிவிடுவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் இருவர் படகுக்குச் சுக்கான் பிடித்தவர் கனமாக இருந்தார். இறுதிப் போட்டிக்கு அவரை இறக்கிவிட்டு, அங்கிருந்த ஒரு சிறுவனை உட்காரவைத்து ஜெயித்தார்கள். வீரர்களோடு அவன் நிற்கும் புகைப்படம்கூட இருக்கிறது. பெயரை மட்டும் யாரும் குறித்துவைக்கவில்லை.

"அவனையும் தண்ணீரில் போட்டார்களா?" என்று கேட்டாள் மகள்.