ஃப்ரீபிஎஸ்டி பில்ட்: எந்த செட்டிங் எந்தக் கோப்பில்? – கேள்வி பதில்

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து கட்டும்போது (பில்ட் செய்யும்போது) பயன்படும் செட்டிங் கோப்புகளான மேக்.கான்ஃப், எஸ்ஆர்சி.கான்ஃப் இரண்டுமே /எட்சி அடைவில்தான் இருக்கின்றன. எதில் எழுதினாலும் வேலை நடக்கிறது. பிறகு ஏன் இரண்டு?

பதில்: நடப்பதுபோலத் தெரியும், அதுதான் சிக்கல். மேக் என்ற கட்டும் கருவி தொடங்கும்போதே படிக்கும் எஸ்ஒய்எஸ்.எம்கே கோப்பு, மேக்.கான்ஃப் கோப்பையும் இழுத்துக்கொள்கிறது. அதனால் அடிப்படை அமைப்பு (இயங்குதளத்தோடு வரும் பகுதி), போர்ட்ஸ் (வெளி மென்பொருள்களைக் கட்டும் தொகுப்பு), உங்கள் வீட்டு அடைவில் கிடக்கும் சின்ன சி நிரல் என மேக் ஓடும் ஒவ்வொரு இடத்திலும் அது படிக்கப்படும். எஸ்ஆர்சி.கான்ஃப் 7.0 பதிப்பில் வந்தது. அடிப்படை அமைப்பின் மூலநிரலைக் கட்டும்போது மட்டுமே படிக்கப்படும். ஆகவே ஒரு செட்டிங்கை யார் யார் படிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கோப்பு தானாகத் தெரிந்துவிடும். ஒரு பகுதியைச் சேர்க்கவோ விடவோ சொல்லும், வித்_, வித்அவுட்_ என்று தொடங்கும் தேர்வுகள் எஸ்ஆர்சி.கான்ஃபுக்கு உரியவை. அவற்றை மேக்.கான்ஃபில் போட்டால், போர்ட்ஸும் இதே பாணிப் பெயர்களைப் பயன்படுத்துவதால், கேட்காத இடத்திலும் விளைவு தெரியும்.

கேள்வி: ஒரு வித்அவுட்_ தேர்வுக்கு 'நோ' என்று மதிப்புக் கொடுத்தேன். அப்படியும் அந்தப் பகுதி கட்டப்படவில்லையே சார்?

பதில்: மதிப்பை யாரும் பார்ப்பதில்லை. 'நோ', 'ஃபால்ஸ்' எது எழுதினாலும் பெயர் இருந்தாலே தேர்வு செயல்படும். வேண்டாமென்றால் வரியையே நீக்குங்கள். /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சிக்குள் போய் 'மேக் ஷோகன்ஃபிக்' கொடுத்தால் எல்லாத் தேர்வுகளின் இறுதி நிலையும் வரும். மணிக்கணக்கில் ஓடும் பில்டுக்கு முன் இந்த ஒரு கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கட்டும்போது உருவாகும் கோப்புகள் போக வேண்டிய ஆப்ஜெக்ட் அடைவைச் சொல்லும் மேக்ஆப்ஜ்டிர்ப்ரிஃபிக்ஸை இரண்டு கோப்பிலும் போட்டுப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

பதில்: அந்தக் கோப்புகள் படிக்கப்படுவதற்கு முன்பே ஆப்ஜெக்ட் அடைவு முடிவாகிவிடுகிறது. சூழல் மாறியாகக் கொடுங்கள், அல்லது /எட்சி/எஸ்ஆர்சி-என்வ்.கான்ஃபில் எழுதுங்கள். மாறியவற்றை மட்டும் மீண்டும் கட்ட உதவும் வித்_மெட்டா_மோடுக்கும் இதே இடம்தான். அதற்கு, கோப்புப் பயன்பாட்டைக் கவனிக்கும் ஃபைல்மான் என்ற கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) மாட்யூலும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கர்னல் கான்ஃபிக்கை, மூலநிரலோடு வரும் ஜெனரிக் கோப்பிலேயே திருத்தலாமா?

பதில்: வேண்டாம். அடுத்த கிட் புல்லில் (மூலநிரலின் புதிய மாற்றங்களை இழுக்கும்போது) மோதல் வரும். தனிக் கோப்பாக அதே அடைவில் வைத்தாலும், யாராவது 'கிட் கிளீன்' (கிட் கண்காணிக்காத கோப்புகளை அழிக்கும் கட்டளை) ஓட்டினால் போயிற்று. /ரூட்/கர்னல்ஸ் என்று ஓர் அடைவில் கோப்பை வைத்து, /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி/சிஸ்/ஏஎம்டி64/கான்ஃபுக்குள் சிம்பாலிக் லிங்க் (கோப்பைச் சுட்டும் இணைப்பு) கொடுங்கள். லிங்க் அழிந்தால் ஒரு வரியில் மீண்டும் போடலாம். உங்கள் கோப்பில் முதல் வரி 'இன்க்ளூட் ஜெனரிக்', அடுத்து கர்னலுக்குப் பெயர் தரும் 'ஐடென்ட்', பிறகு வேண்டாதவற்றுக்கு 'நோடிவைஸ்', 'நோஆப்ஷன்ஸ்'. நீளமான நகலைவிட இந்தப் பத்து வரிதான் பதிப்பு மாறும்போதும் தாங்கும்.

கேள்வி: ஒரே கணினியில் கட்டி, என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புப் பகிர்வு) வழியாக மற்ற கணினிகளில் நிறுவுகிறோம். நிறுவும் கட்டளையான இன்ஸ்டால்வேர்ல்டு பாதியில் நிற்கிறது.

பதில்: கட்டிய கணினியில் இருக்கும் வித்அவுட்_ வரி நிறுவும் கணினியில் இல்லை போலும். கட்டப்படாத கோப்பை அது தேடி நின்றுவிடுகிறது, அதுவும் பாதி மாற்றிய நிலையில். மேக்.கான்ஃப், எஸ்ஆர்சி.கான்ஃப் இரண்டும் எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். தேர்வைக் கட்டளை வரியில் பில்ட்வேர்ல்டுக்கு (கட்டும் கட்டளை) மட்டும் கொடுத்துவிட்டு மறந்தாலும் இதே கதைதான். இன்னொன்று: கட்டும் கணினியின் செயலிக்கே ஏற்பக் கட்டச் சொல்லும் 'சிபியூடைப்?=நேட்டிவ்' இருந்தால் எடுத்துவிடுங்கள். புதிய செயலிக்காகக் கட்டிய நிரல் பழைய செயலியில் சிக்னல் 4 (செயலிக்குத் தெரியாத கட்டளை என்ற பிழை) வந்து விழும். கடைசியில் தேவையற்ற பழைய கோப்புகளை நீக்கும் 'மேக் டெலீட்-ஓல்டு' ஓட்டும்போதும் அதே எஸ்ஆர்சி.கான்ஃப் இருக்க வேண்டும். எதை அழிப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

கேள்வி: போர்ட்ஸைத் தொகுப்புகளாகக் கட்டும் பவுட்ரியர் என் மேக்.கான்ஃபைக் கண்டுகொள்ளவே இல்லை!

பதில்: கண்டுகொள்ளாது, அது ஜெயிலுக்குள் (தனியே பிரிக்கப்பட்ட சூழல்) கட்டுகிறது. /யூஎஸ்ஆர்/லோக்கல்/எட்சி/பவுட்ரியர்.டி அடைவில் மேக்.கான்ஃப் வையுங்கள். ஒரு ஜெயிலுக்கு மட்டும் என்றால் ஜெயில் பெயர், ஒரு கோடு, பிறகு மேக்.கான்ஃப். டீஃபால்ட்_வெர்ஷன்ஸ் (இயல்பான பதிப்புகள்), ஆப்ஷன்ஸ்_அன்செட் (அணைக்க வேண்டிய தேர்வுகள்) எல்லாம் அங்கே போகட்டும். அடிப்படை அமைப்பின் செட்டிங்குகள் /எட்சியில், வெளியிலிருந்து நிறுவியவற்றின் செட்டிங்குகள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/எட்சியில் என்ற பழைய ஏற்பாடுதான் இங்கும்.