அணுகல் வசதிக்காக மாற்றுத்திறனாளி மாணவர்களே முன்னின்று கேட்பதால் ஏதாவது மாறுகிறதா, இல்லை பெரியவர்களிடம் விட்டுவிடுவதே நல்லதா?

கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உங்களிடம் யாரோ, "முதல்ல படிப்பை முடி, இதையெல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள். அதனால்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மாறும். ஆனால் முதல் தடவை தப்பாகத்தான் மாறும். அதற்குத் தயாராக இருங்கள்.

நான் சக்கர நாற்காலியில் நடமாடுகிறவள். எங்கள் கல்லூரி நூலகத்தின் வாசலில் மூன்று படி. மூன்றே படிதானே என்பார்கள். எனக்கு அந்த மூன்று படி என்றால் இரண்டு ஆட்கள். அவர்கள் சாப்பிடப் போயிருந்தால் வெயிலில் காத்திருக்க வேண்டும். முதல்வரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, பாசமாகத்தான் கேட்டார்: "அதான் பசங்க தூக்கிட்டுப் போறாங்களேம்மா, என்ன குறை?" தூக்குகிறவர்களில் ஒருவர் பின்னால் கைப்பிடியைப் பிடிப்பார், இன்னொருவர் முன்னால் கால் வைக்கும் தட்டைப் பிடிப்பார். அந்தத் தட்டு கழற்றி மாட்டுகிற தட்டு. முழு எடையையும் அதில் கொடுத்தால் கையோடு வந்துவிடும். ஒருநாள் வந்தது. தூக்கியவனும் பாவம், என்னைவிட அதிகமாகப் பயந்துபோனான்.

அதற்குப் பிறகும் ஒரு பேராசிரியர் "ஒருத்திக்காகவா இவ்வளவு செலவு?" என்றார். உலகத்தில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர் கண்ணில் நான் ஒருத்திதான் பட்டேன் என்றால், மற்றவர்கள் வாசலிலேயே திரும்பிப் போயிருப்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை?

கடைசியில் சாய்தளம் வந்தது. ஆய்வுக்குழு வருவதற்கு முந்தைய வாரம், அவசர அவசரமாக. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திறந்த அன்று போட்டோவுக்காக என்னை ஏறச் சொன்னார்கள். பாதி வழியில் முன்சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டன. பின்னால் தோழி பிடிக்கவில்லை என்றால் மல்லாக்க விழுந்திருப்பேன். போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

அன்று மாலையே அளந்தோம். படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ., சாய்தளத்தின் நீளம் 2 மீட்டர். பல நாடுகளின் கட்டட விதிகள் சொல்வது 1:12, அதாவது ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். எங்கள் வாசலுக்கு 5.4 மீட்டர் வேண்டும். கட்டியிருந்தது பாதிகூட இல்லை. "அவ்வளவு நீளத்துக்கு இடம் இல்ல" என்றார் பொறியாளர். நேராகப் போனால்தானே இடம் இல்லை, நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பினால் இருக்கிறதே என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினோம். அவர் நல்ல பொறியாளர்தான். சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் அகலம் தேவை என்று அதுவரை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

     

சாய்தளத்தை விடப் பெரிய விஷயம் கழிப்பறை. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இருந்தது. கதவில் படம்கூட ஒட்டியிருந்தது. உள்ளே துடைப்பம், வாளி, உடைந்த நாற்காலிகள். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. நான் காலை எட்டு மணியிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. இதை எந்தப் பெரியவர் தானாக வந்து கண்டுபிடித்திருப்பார்? ஆய்வுக்குழுவின் தாளில் "கழிப்பறை: உண்டு" என்று டிக் விழுந்திருந்தது.

இப்போது எங்கள் பக்கத் தப்பையும் சொல்கிறேன். எல்லாவற்றையும் அளந்து, படம் வரைந்து, 14 பக்க அறிக்கை தயாரித்தோம். கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப்பாக எல்லோருக்கும் அனுப்பினோம். பார்வையற்ற நண்பன் ஒருவன் ஃபோன் செய்தான். "உங்க அறிக்கை எனக்கு 14 வெள்ளைப் பக்கம்." ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளுக்கு அதில் வாசிக்க எழுத்தே கிடையாது. அணுகல்தன்மை பற்றிய அறிக்கை! எனக்கு அவமானத்தில் பேச்சே வரவில்லை. அவனைக் குழுவில் சேர்த்த பிறகுதான், கைப்பிடிக் கம்பி சாய்தளம் தொடங்கி ஓரடி தள்ளித் தொடங்குவதால் அவன் காலை இடித்துக்கொள்வது தெரிந்தது. நான் கம்பியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லையே.

அடுத்து வந்தவள் காது கேளாத ஒரு தோழி. "நீங்க எல்லாம் ரொம்ப மரியாதையா மனு கொடுக்கிறீங்க" என்று கேலியாக எழுதிக் காட்டியவள். 1988 மார்ச்சில் அமெரிக்காவின் காலடெட் பல்கலைக்கழகத்தில் நடந்ததை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். காது கேளாதோருக்காக 1864-இல் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம் அது. 124 வருஷமாகக் காது கேளாத ஒருவர் அதற்குத் தலைவராக வந்ததில்லை. அந்தத் தடவையும் காது கேட்கும் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். மாணவர்கள் வாசல்களை அடைத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் அவர் விலக, காது கேளாத ஐ. கிங் ஜார்டன் தலைவரானார்.

நாங்கள் வாசலை எல்லாம் அடைக்கவில்லை, அந்தத் தைரியம் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை (2006) எடுத்து, அதன் 4(3) பிரிவை மனுவின் முதல் வரியாகப் போட்டோம். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே, குழந்தைகள் உட்பட, அவர்களது அமைப்புகள் வழியாகக் கலந்து ஆலோசிக்க வேண்டும் என்று அரசுகளுக்குச் சொல்லும் பிரிவு. அது அரசுக்குத்தானே, கல்லூரிக்கு இல்லையே என்று சட்டம் படித்தவர்கள் கமெண்டில் வருவீர்கள், தெரியும். முதல்வர் அதைக் கேட்கவில்லை. "அடுத்த கூட்டத்துக்கு நீங்க மூணு பேரும் வாங்க" என்றுதான் சொன்னார்.

தொண்டு நிறுவனங்களை, பெற்றோர் சங்கங்களை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பள்ளிக்கூடம் போனதே அப்படிப்பட்டவர்கள் சண்டை போட்டதால்தான். எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்துப் பேசுகிறேன் என்றும் இல்லை. மேலே சொன்ன பிடிஎஃப் கதையே அதற்குச் சாட்சி. "உங்களைப் பார்த்தால் ஊக்கமாக இருக்கிறது" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். எனக்கு வேண்டியிருந்தது நூலகத்துக்குப் போக ஒரு வழி.

புதிய சாய்தளம் என் கடைசி செமஸ்டரில்தான் முடிந்தது. பதினோரு நாள் பயன்படுத்தினேன். இன்றைக்கு அதில் அதிகம் போய்வருவது நூலகத்தின் புத்தக வண்டி. முன்பு "அழகு கெட்டுப்போச்சு" என்று புலம்பிய நூலகர் இப்போது அதன் குறுக்கே யாராவது பைக்கை நிறுத்தினால் சண்டைக்குப் போகிறாராம்.

உங்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், அந்தப் படம் ஒட்டிய கழிப்பறைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் முதலில் போட்டோ எடுங்கள், தேதியோடு. வாளியை அப்புறம் நகர்த்திக்கொள்ளட்டும்.