குழந்தைகளிடம் அறிவியல் ஆர்வத்தையும் இயற்கை மேல் அக்கறையையும் எப்படி வளர்ப்பது?

கேட்டவர் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறார். ஆன்லைனில் விற்கும் சோதனைக் கிட் வாங்கலாமா, தனி வகுப்பில் சேர்க்கலாமா, சுற்றுச்சூழலைப் பற்றி எப்படிச் சொல்லித் தருவது என்று மூன்று கேள்விகள். நான் நாங்குநேரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். என்னைக் கேட்டால், இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற, ஆனால் ஏன் என்று யாரும் கேட்காத ஒரு வேலையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். மூன்று கேள்விக்கும் அதிலேயே வழி இருக்கிறது.

எங்கள் பக்கம் அப்படி ஒன்று பதநீர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பனையேறி பாளையில் கட்டுவார். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஏன் என்று பசங்களை விட்டுக் கேட்கச் சொன்னேன். "தடவலேன்னா புளிச்சுப் போயிரும்லா" என்றார் பனையேறித் தாத்தா. சரியான பதில்தான். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு பையனுக்குத் தேவைப்பட்டது: "சுண்ணாம்பு உள்ள போய் என்ன சார் பண்ணும்?"

ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். பாளையிலிருந்து சொட்டுவது சர்க்கரை கலந்த சாறு. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகின்றன. சுண்ணாம்பு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர். காரத்தில் அவற்றால் வேலை பார்க்க முடியாது. கதை முடிந்தது. ஆனால் இப்படிச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் "இதை நாமே எப்படிப் பார்க்கலாம்?" என்று திருப்பிக் கேட்டேன்.

நிஜப் பதநீரில் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது, வகுப்பறையில் கள் புளிக்கவைத்து வேலையைத் தொலைக்க எனக்கு ஆசை இல்லை. எனவே காலி தண்ணீர் பாட்டில், சர்க்கரைத் தண்ணீர், பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட், பாட்டில் வாயில் ஒரு பலூன். இரண்டு பாட்டில், ஒன்றில் மட்டும் வெற்றிலைச் சுண்ணாம்பு. மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் சுண்ணாம்பு இல்லாத பாட்டிலின் பலூன் நிமிர்ந்து நிற்கிறது, மற்றது துவண்டு கிடக்கிறது. ஒரே கைதட்டல்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சார், காத்து வந்து, அதைச் சுண்ணாம்பு குடிச்சிருந்தா?"

நியாயமான சந்தேகம். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் மாதிரி ஆகும், எல்லோரும் செய்து பார்த்ததுதான். மூச்சில் இருக்கும் கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் பலூன் துவண்டதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஈஸ்ட் வேலையே செய்யவில்லை, அல்லது வேலை செய்தது, வந்த வாயுவைச் சுண்ணாம்பு விழுங்கிவிட்டது. எது என்று இந்தப் பலூனால் சொல்லவே முடியாது.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்கு அன்றைக்கு வேலை குறைவு. நாளைக்கு மோந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றான் ஒருவன். இன்னொருத்தி சொன்னதுதான் அபாரம்: மூன்றாவதாக ஒரு பாட்டில் வைப்போம், சுண்ணாம்பைத் தண்ணீரில் போடாமல் துணியில் முடிந்து நூலில் கட்டி உள்ளே தொங்கவிடுவோம். ஈஸ்டைத் தொடாது, ஆனால் வாயுவைத் தொடும். செய்தோம். அந்தப் பலூன் உப்பியது, ஆனால் முதல் பலூன் அளவுக்கு இல்லை. மறுநாள் மோந்தால் நல்ல புளிப்பு வாடை. சுண்ணாம்பு கலந்த பாட்டிலில் அந்த வாடையே இல்லை. ஆக, சுண்ணாம்பு ஈஸ்டையும் தடுக்கிறது, வாயுவையும் குடிக்கிறது. நான் பார்த்த படைப்பாற்றலில் அந்த நூலுக்குத்தான் முதல் இடம். ஓவியப் போட்டிக் கோப்பைகள் எல்லாம் அப்புறம்.

சரி, பூமி மேல் அக்கறை எங்கே வருகிறது என்கிறீர்களா? அதே சுண்ணாம்பிலிருந்துதான் வந்தது. சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுக்கிறார்கள். சுடும்போது சிப்பியிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. பிறகு சுண்ணாம்பு அதே வாயுவைப் பிடித்து, சிப்பி எதனால் ஆனதோ அதே பொருளாகத் திரும்பவும் மாறுகிறது. இதைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்ததும் ஒரு பையன், தாழையூத்தில் சிமெண்ட் ஆலை இருக்கிறதே, அங்கேயும் சுண்ணாம்புக்கல்லைத்தானே சுடுகிறார்கள் என்றான். ஆமாம். எரிக்கிற நிலக்கரியிலிருந்து வரும் புகை ஒரு பக்கம் இருக்க, கல்லுக்குள் இருந்தே வாயு வருகிறது. உலகத்தில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருவது. புவி வெப்பமாதல் பாடத்தை நான் அதற்கு முன்னும் நடத்தியிருக்கிறேன், யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கலயத்திலிருந்து நடந்து வந்தபோது மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

பனையும் அவர்கள் கண்ணில் பட ஆரம்பித்தது. செங்கல் சூளைக்கு வெட்டிப் போன மரங்களை எண்ணினார்கள். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்ததை நான் சொல்லவில்லை, அவர்களே வீட்டில் கேட்டுவந்து சொன்னார்கள். புரட்டாசியில் குளத்துக்கரையில் பனங்கொட்டை ஊன்றினார்கள். 'மரம் வளர்ப்போம்' என்று தெர்மாகோலில் வெட்டி ஒட்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதை விட இது மேல் என்பது என் கட்சி. சுற்றுச்சூழல் தினத்துக்குத் தெர்மாகோல் மாதிரி கேட்கும் பள்ளிகளை என்ன சொல்ல!

பனை இல்லாத ஊர் என்றால் வேறு கேள்வி கிடைக்கும். நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். 1994ல் பறவைச் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடாவும் நாரையும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். அவ்வளவு பெரிய குளம் இருக்கும்போது மனுஷன் நடமாடும் தெருவில் ஏன் கூடு கட்டுகிறது? பதிலைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை நாலு காரணம் சொல்லட்டும், எதை எப்படிச் சரிபார்க்கலாம் என்று பேசுங்கள்.

திருநெல்வேலியில் ஏப்ரல் 12 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. அது 12 மணிக்கு இல்லை, சுமார் 12.20க்கு. ஏன் இருபது நிமிடம் தாமதம் என்பது ஒரு மாலை முழுக்கப் போதுமான கேள்வி. கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம் என்று அவளே வந்து சேர்வாள்.

இது மார்க்குக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். நேரடியாக உதவாது. நூல் கட்டச் சொன்ன பிள்ளை பரீட்சையில் நடுத்தர மார்க்தான். எல்லாப் பிள்ளைக்கும் இது பிடிக்கும் என்றும் சொல்ல மாட்டேன், என் வகுப்பில் நாலைந்து பேர் பலூனை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அரசுப் பள்ளி என்றால் 2022ல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்து பார்க்கும் சோதனைகளுக்காகவே இருக்கிறது, உங்கள் பள்ளியில் எப்படி நடக்கிறது என்று விசாரியுங்கள். திருநெல்வேலி கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப் போங்கள், ஆனால் பொத்தானை அமுக்கிவிட்டு ஓட விடாதீர்கள்.

கிட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு பூதக்கண்ணாடியும் கோடு போட்ட நோட்டும் போதும். ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மகளோடு நீங்களும் பெயர் கொடுங்கள். காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும்.