கத்தரிப் புழுவுக்குத் தக்காளி இலைச்சாறு அடிக்கலாமா?

கேள்வி (மூதூர்ப் பக்கம்): கால் ஏக்கர் கத்தரி போட்டிருக்கன், குருத்தையும் காயையும் புழு துளைக்குது. கம்பஸ்ல படிக்கிற மகள், தக்காளி இலைல புழுவச் செமிக்க விடாத புரதம் ஒண்டு இருக்கு, புரொஜெக்ட்டுக்கு அதைப் பிரிச்செடுக்கப் போறன் எண்டு சொல்லுறா. அப்ப நான் இலைய இடிச்சு சாறு அடிச்சா சரிவருமா?

பதில்: அண்ணா, மகள் சொல்லுறது சரி, ஆனா சாறு அடிச்சு சரிவராது. அந்தப் புரதத்துக்குப் பேர் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர். புழு தின்னுற இலையில உள்ள புரதத்த அதின்ர குடல்ல டிரிப்சின் மாதிரி நொதியங்கள்தான் வெட்டிச் செமிக்க வைக்குது, இந்த இன்ஹிபிட்டர் போய் தொண்டையில மீன்முள்ளு சிக்கின மாதிரி நொதியத்துக்குள்ள இறுகி நிண்டிரும், புழு திண்டுகொண்டே இருக்கும் ஆனா உடம்புல ஒட்டாது. 1972ல அமெரிக்காவில கிரீன், ரயன் எண்ட ரெண்டு பேர் கண்டது, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியில ஒரு இலைய வண்டு கடிச்சா கடிபடாத மற்ற இலையளிலயும் இது கூடுது எண்டு. பச்சை சோயா போட்டா கோழிக்குஞ்சு வளராம நிக்கிறதுக்கும் இந்தச் சாதிப் புரதம் முக்கிய காரணம், அதாலதான் வறுத்துப் போடச் சொல்லுறது.

இப்ப உங்கட கத்தரிக்கு வருவம். புழு முட்டையால வந்த கொஞ்ச நேரத்திலயே குருத்துக்குள்ளயோ காய்க்குள்ளயோ பூந்திரும், நீங்க அடிக்கிற சாறு வெளியில இலையிலதான் காயும், புரதம் பெரிய மூலக்கூறு, உள்ளுக்க இறங்காது, கச்சான் காத்தும் வெயிலும் அடிக்கிற நேரம் மேல கிடக்கிறதும் நிலைக்காது. இன்னொண்டு, இத யோசிச்சாத்தான் எனக்குப் பயம், தக்காளி மொசைக் வைரஸ் சாறு வழியாத் தொத்தும், பக்கத்துல மிளகாயோ தக்காளியோ நிண்டா நீங்களே கொண்டுபோய்ப் பூசின கணக்கு. தயவுசெய்து அடிக்காதீங்க.

மகளுக்குச் சொல்லுங்க, விதையோட பாத்தா இலையில இது குறைவு, அதால கசக்கிக் காயப்படுத்தி ஒரு நாள் வெளிச்சத்துல விட்டுட்டு இலைய எடுக்கச் சொல்லுங்க. ஐஸ்ல வச்சு அரைக்கணும், பச்சையத்த முதல்ல குளிர் அசெற்றோனால கழுவினா நல்லம், பிறகு அமிலத்தன்மை மாறாம வச்சிருக்கிற பொஸ்பேற் பஃபர் கரைசல்ல கரைச்சு, சென்ட்ரிபியூஜ்ல வேகமாச் சுத்தி மண்டிய ஒதுக்கி, அமோனியம் சல்பேற் போட்டு புரதத்தப் படிய வச்சு, டயலிசிஸ் பண்ணி அந்த உப்ப வெளியேத்தணும். அதுக்குப் பிறகு டிரிப்சின் ஒட்டின மணிகள் நிரப்பின குழாயில (கொலம்) விட்டா இன்ஹிபிட்டர் பிடிபட்டு நிக்கும், அமிலத்தால கழுவி எடுக்கலாம். மின்சாரம் குடுத்து ஜெல்ல ஓடவிட்டா மூலக்கூறின்ர பருமன் தெரியும், இன்ஹிபிட்டர்ல குனிட்ஸ் எண்ட வகை 20 கிலோடால்ட்டன் (மூலக்கூறின்ர எடை அலகு) அளவு, போமன் பேர்க் எண்ட வகை 8 அளவு.

எல்லாரும் சறுக்குற இடம் எதெண்டா, இலைச்சாறு டிரிப்சின நிப்பாட்டினா உடன இன்ஹிபிட்டர் கிடைச்சிற்று எண்டு எழுதுறது. இலையில உள்ள தனின் எண்ட துவர்ப்புப் பொருளும் டிரிப்சினோட ஒட்டி அதையே செய்யும், சாறு கபில நிறமாப் போனா அது அந்தச் சாதிப் பொருட்களின்ர வேலைதான், தனின ஒட்டிப் பிடிக்கிற பிவிபிபி எண்ட தூள் போட்டு அத எடுத்திட்டுத்தான் அளக்கணும். அளக்க பாப்னா எண்ட செயற்கைப் பொருள் போதும், டிரிப்சின் அத வெட்ட வெட்ட மஞ்சளாகும், நிறம் அளக்கிற மெசின்ல 410 நனோமீற்றர் ஒளியில வாசிக்கலாம். மெசின் இல்லாட்டி எக்ஸ்ரே பிலிம் துண்டுல டிரிப்சின் துளி வைக்கச் சொல்லுங்க, மேல இருக்கிற ஜெலட்டின் படை கரைஞ்சு அந்த இடம் தெளிஞ்சிரும், இன்ஹிபிட்டர் கலந்து வச்ச இடத்துல படை அப்பிடியே நிக்கும். பாக்கவே நல்லாயிருக்கும். முக்கியமா, கடையில வாங்கின மாட்டு டிரிப்சினோட நிப்பாட்டாம உங்கட கத்தரிப் புழுவின்ர குடல எடுத்தும் பாக்கணும், மாட்டுல பிடிக்கிறது புழுவுல பிடிக்கும் எண்டு இல்ல, சில புழுக்கள் இன்ஹிபிட்டர் பிடிக்காத வேற நொதியத்த சுரந்து தப்பிக்கும்.

தோட்டத்துக்கு நீங்க செய்ய வேண்டியது, தலை தொங்கின குருத்தெல்லாம் புழுவோட சேத்து வெட்டி எரிங்க, கிழமைக்கு ஒருக்கா, ஓட்டை விழுந்த காயையும் வயல்ல போடாதீங்க. பெண் அந்துப்பூச்சியின்ர மணத்தக் காட்டி ஆண் பூச்சியப் பிடிக்கிற பெரமோன் பொறி கிடைச்சா வைங்க. போன போகத்துக் கத்தரித் தடிய வேலியில அடுக்கி வச்சிருந்தா முதல்ல அத அப்புறப்படுத்துங்க, அதுக்குள்ள இருந்துதான் இந்தப் புழுவின்ர அந்துப்பூச்சி திரும்பத் திரும்ப வரும். அதுக்கும் அடங்காட்டி வாடின குருத்து ரெண்ட பையில கட்டி உங்கட விவசாயப் போதனாசிரியரிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க, என்ன மருந்து எண்டு அவர் பாத்துச் சொல்லுவார்.